கை இருக்கும் இடத்தில் மருந்து

போன மாதம் கேளம்பாக்கத்திலிருந்து இரண்டு பேர் செங்கல்பட்டில் என் வீட்டைத் தேடிப்பிடித்து வந்தார்கள். ஒரு பெண், ஒரு ஆண், இரண்டு பேருக்கும் முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ஏதோ டிசைன் ஆபீஸில் வேலையாம். நான் முப்பத்தைந்து வருஷம் குப்பை கொட்டிய மருந்துக் கம்பெனி, தன் பாட்டில், அட்டைப்பெட்டி எல்லாவற்றையும் புதுசாக்கித் தரச் சொல்லி அவர்களிடம் கொடுத்திருக்கிறது. அந்தப் பெண் போனைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினாள். பச்சைப் புடவை கட்டிய ஒரு தாய், ஒரு காலைக் குத்திட்டு உட்கார்ந்திருக்கிறாள், மடியில் குழந்தை, அதன் நெஞ்சில் அவள் கை. நான் வரைந்தது.

"இத அடிச்சுக்கவே முடியாது சார். இதத்தான் நாங்க எல்லா பாட்டில் மேலயும் திரும்பக் கொண்டுவரப் போறோம்" என்றாள்.

எல்லா பாட்டில் மேலும். கம்பெனி ஒரு மலர் போடுகிறதாம், இந்தப் படங்கள் உருவான கதையை நான் ஒரு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். கூட வந்தவர் கேட்டார்: "அந்தக் காலத்துல இதெல்லாம் ஜனங்ககிட்ட காட்டி டெஸ்ட் பண்ணுவீங்களா சார், இல்ல மனசுல பட்டதப் போட்டுடுவீங்களா?"

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. "எங்கள எல்லாம் என்ன முட்டாப் பசங்கன்னு நெனச்சியா?" என்று கேட்டுவிட்டேன். பாவம், பயந்துபோய்விட்டார். கோபம் அவர் மேல் இல்லை. அதை அவருக்கு எப்படிச் சொல்வது? புறப்படும்போது அந்தப் பெண், "பழைய லேபிள் ஒண்ணாவது வெச்சிருக்கீங்களா சார்? கம்பெனியிலயே இல்ல" என்றாள். இல்லை என்று சொன்னேன். பொய். பீரோவில் ஒன்று இருக்கிறது.

ஒரு பக்கம் கேட்டார்கள். எழுத உட்கார்ந்தால் ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. இது அவர்கள் மலருக்கு ஆகாது என்று எனக்கே தெரிகிறது. ஆனாலும் எழுதிவிடுகிறேன். எனக்கு எண்பது நெருங்குகிறது. இனிமேலும் ஒத்திப்போட்டால் சொல்லாமலேயே போய்ச் சேர்ந்துவிடுவேன்.

நான் படித்ததைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. திருக்கழுக்குன்றத்தில் கடைப் பலகைகள் எழுதிக்கொண்டிருந்தேன். பிறகு மதராஸில் ஓவியப் பள்ளி. பெரிய ஓவியன் ஆகிவிடுவேன் என்ற எண்ணம் மண்டை நிறைய இருந்தது. படிப்பு முடிந்து இரண்டு வருஷம் யாரும் சீந்தவில்லை. எழுபதுகளின் ஆரம்பத்தில் இந்த மருந்துக் கம்பெனியில் லேபிள் ஆர்ட்டிஸ்ட் வேலை கிடைத்தது. சேர்ந்த அன்றே, இது நமக்குத் தற்காலிகம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

கம்பெனிக்கு அப்போதே நாற்பது வயது. ஏழு சரக்கு. மூட்டுவலித் தைலத்துக்கு மயில் படம், இருமல் மருந்துக்குக் கப்பல், பல்பொடிக்குக் கடிகாரம். மருந்துக்கும் படத்துக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. பெரிய முதலாளி எதைப் பார்த்து ஆசைப்பட்டாரோ அதைப் போட்டுவிட்டார். ஆனால் ஜனங்களுக்கு அது போதுமாக இருந்தது. கடையில் போய், "ஒரு மயில் குடு, ஒரு கப்பல் குடு" என்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்தான் எங்கள் சரக்கைப் பாதிக்கு மேல் வாங்கினார்கள். ஏழில் ஒன்றே ஒன்றுக்குத்தான் பொருத்தமான படம் இருந்தது. குழந்தைகளுக்கு வயிற்று உப்புசத்துக்குக் கொடுக்கிற ஓமம் கலந்த மருந்து அது. அதன் மேல் பச்சைப் புடவைத் தாயும் மடியில் குழந்தையும். தாயின் கை குழந்தையின் வயிற்றின் மேல் இருக்கும். கடற்கரைப் பக்கம் அதற்கு 'அம்மா மருந்து' என்றே பேர்.

எனக்கு மேலதிகாரி இஸ்மாயில் சார். செங்கல்பட்டுக்காரர்தான். அச்சுக்கல்லில் படம் இழைக்கிற வேலையில் ஆரம்பித்து ஆர்ட் செக்‌ஷனுக்குத் தலைவரானவர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. நான் ஒரு படத்தைக் கொண்டுபோய் வைத்தால் முதலில் அதைத் தலைகீழாகத் திருப்புவார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எழுந்து போய்ச் சுவரோரம் நின்று பார்ப்பார். கண்ணாடி இல்லாமல் அவருக்கு ஒன்றும் தெரியாது. "நம்ம ஜனங்க விளக்கு வெளிச்சத்துல, அவசரத்துல பாப்பாங்க தம்பி. எனக்கு இப்ப எப்டித் தெரியுதோ அப்டித்தான் அவங்களுக்கும் தெரியும்" என்பார். அப்புறம் திரும்பி வந்து, எழுத்து இருக்கிற இடத்தைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு, "இப்ப சொல்லு, இது என்ன மருந்து?" என்று கேட்பார். பதில் சொல்ல நான் யோசித்தால் போச்சு. பேசாமல் படத்தை என் பக்கம் தள்ளிவிடுவார்.

அவர் திட்டமாட்டார் என்பதாலேயே எனக்கு அவர் மேல் எரிச்சல். இந்த மனுஷனுக்கு ஓவியம் என்றால் என்ன தெரியும், கல் இழைத்தவர்தானே என்று உள்ளுக்குள் ஓர் இளக்காரம்.

பெரிய முதலாளி காலமானதும் அவர் மகன் பம்பாயிலிருந்து வந்து பொறுப்பேற்றார். நாங்கள் அவரைச் சின்ன முதலாளி என்போம். வந்த முதல் வாரமே ஏழு பாட்டிலையும் மேஜை மேல் வரிசையாக வைத்து எங்களைக் கூப்பிட்டார்.

"இதப் பாத்தா ஒரே கம்பெனி சரக்குன்னு யாராவது சொல்வாங்களா? ஏழு அனாதைங்க மாதிரி நிக்குது. எனக்கு ஏழும் ஒரே குடும்பமா தெரியணும்" என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. எனக்கு உற்சாகம் பொத்துக்கொண்டு வந்தது. முதல் முறையாக, மூளைக்கு வேலை வைக்கிற வேலை. ஒரு மாதம் உட்கார்ந்து யோசித்து நான்தான் அந்த முறையை உண்டாக்கினேன். ஒரே குடும்பம்: தாய், தகப்பன், மாமியார், பள்ளிக்கூடம் போகிற பையன், கைக்குழந்தை. ஏழு லேபிளிலும் இவர்களே வருவார்கள். ஒரே முட்டை வடிவச் சட்டம், ஒரே பூ ஓரம், கறுப்போடு இரண்டு வர்ணம். இதெல்லாவற்றையும் கட்டுகிற ஒரே விதி: படத்தில் கை எங்கே இருக்கிறதோ, அங்கே மருந்து. மூட்டுவலித் தைலமா, மாமியார் முழங்காலைப் பிடித்துக்கொண்டிருப்பாள். தலைவலித் தைலமா, தகப்பன் கை நெற்றியில். குடிக்கிற மருந்துக்குக் கையே கிடையாது, பாத்திரம் மட்டும். இருமல் மருந்துக்குப் பையன் பக்கத்தில் கரண்டி. வயிற்று மருந்துக்குக் குழந்தை பாயில் மல்லாந்து படுத்திருக்கும், பக்கத்தில் பால் புகட்டுகிற பாலாடை.

இஸ்மாயில் சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சுவரோரம் நின்று ரொம்ப நேரம் பார்த்தார். "நல்லா யோசிச்சிருக்கே ஏகாம்பரம்" என்றார். அவர் வாயால் அதைக் கேட்டதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. இதை இன்றைக்கும் ஒத்துக்கொள்கிறேன்.

சிக்கல் ஏழாவது லேபிளில் வந்தது. சின்ன முதலாளி புதுசாக ஒரு சரக்கு கொண்டுவந்திருந்தார். குழந்தைகளுக்குச் சளி கட்டினால் நெஞ்சில் தடவுகிற கற்பூரத் தைலம். பல்பொடியை நிறுத்திவிட்டு அந்த இடத்தில் இதை நிறுத்த நினைத்தார். ஜனங்களுக்குப் பழகின முகமாக இருந்தால்தான் புதுச் சரக்கு எடுபடும் என்பது அவர் கணக்கு. "அந்தத் தாய்-பிள்ளை படம்தான் நம்ம கம்பெனிக்கே முகம். அத இந்தத் தைலத்துக்குப் போடு. அதே தாய், அதே புடவை. கைய மட்டும் நெஞ்சுக்கு மாத்து. உன் விதிக்கும் சரியாப் போச்சு" என்றார்.

என் விதிக்குச் சரியாகத்தான் இருந்தது. வரைந்தேன். வயிற்றிலிருந்த கையை எடுத்து நெஞ்சில் வைத்தேன். நான் வரைகிற அளவில் அது இரண்டு விரற்கடை தூரம். அச்சில் சுருங்கி வரும்போது ஓர் அரிசி நீளம்.

இஸ்மாயில் சாருக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. "படத்தத் தூக்கி இன்னொரு பாட்டில் மேல வெக்கிறோம் தம்பி. ஜனங்க மனசையும் கூடவே தூக்கி வெக்க முடியுமா? இத்தன வருஷம் குடிக்கக் குடுத்த படம் அது. இது தடவுறது" என்றார். சின்ன முதலாளியிடமும் போய்ச் சொன்னார். முடிவில் ஓர் ஏற்பாடு ஆயிற்று: ஜனங்களிடம் காட்டிப் பார்ப்பது. தாய்-பிள்ளை படத்தைத் தடவுகிற தைலம் என்று அவர்களாகவே சொன்னால் அச்சுக்குப் போகும். சொல்லாவிட்டால் வேறு படம். சின்ன முதலாளி இதற்கு ஒத்துக்கொண்டார். அந்த மனுஷனையும் குறை சொல்ல முடியாது.

காட்டிக் கேட்பதற்கு இஸ்மாயில் சாரிடம் ஒரு முறை இருந்தது. ஒரு தாளில் நான்கு கேள்வி. இது இன்னா? யாருக்கு? எப்டிக் குடுப்பே, எங்கே போடுவே? கடையில இன்னான்னு கேட்டு வாங்குவே? லேபிளில் எழுத்து இருக்கிற இடத்தில் வெள்ளைத்தாள் ஒட்டியிருக்கும். "புரியுதா?" என்று மட்டும் கேட்கவே கூடாது. "நீ வேட்டி சட்டையோட போய் நின்னு புரியுதான்னா, எல்லாரும் புரியுதுன்னுதான் சொல்வாங்க" என்பார். சரி, தப்பு என்று குறி போடக்கூடாது. அவர்கள் வாயில் வந்ததை வந்தபடி, அவர்கள் பேச்சிலேயே எழுத வேண்டும். பதில் வரும் வரை சும்மா நிற்க வேண்டும்.

செங்கல்பட்டு மார்க்கெட்டை அவர் எடுத்துக்கொண்டார். கிருத்திகை அன்று திருப்போரூர் கோயில் கூட்டத்திலும் அவரே போய் நின்றார். இரண்டு இடத்திலும் தாய்-பிள்ளை படத்துக்குக் கலந்து கட்டிப் பதில் வந்தது. பாதிப் பேர் தடவுவேன் என்றார்கள், பாதிப் பேர் தெரியாது என்றார்கள். 'அம்மா மருந்து' அதிகம் போவது கடற்கரையில்தான். அங்கே என்ன சொல்கிறார்களோ அதுதான் தீர்ப்பு என்றார் இஸ்மாயில் சார். மாமல்லபுரம் பக்கத்துக் குப்பங்கள் என் பொறுப்பு.

காலை பஸ்ஸில் போனேன். சித்திரை மாத வெயில். இரண்டு குப்பத்தில் ஒழுங்காகவே கேட்டேன். ஆம்பளைகள் வலை பிரித்துக்கொண்டிருந்தார்கள், பொம்பளைகளுக்கு மீன் வியாபாரம். என்னிடம் நின்று பேச யாருக்கு நேரம்? ஒரு ஆள், "இன்னா அண்ணாத்த, பொம்ம காட்டிகினு சுத்தறே?" என்று சிரித்தான். மூன்றாவது குப்பத்துக்குப் போகும்போது மணி மூன்றரை. என் தோள்பையில் ஸ்கெட்ச் நோட்டு இருந்தது. மாலை நாலு மணிக்கு மேல் மாமல்லபுரத்துப் பெரிய பாறைச் சிற்பத்தின் மேல் நேர் வெயில் விலகி இளவெளிச்சம் படியும், அப்போது ஒவ்வொரு உருவமும் தனியாக எழும்பி நிற்கும். அதை வரைய வேண்டும் என்று ஊரிலிருந்து கிளம்பும்போதே நினைத்திருந்தேன். லேபிள்காரன் இல்லை, நான் ஓவியன் என்று எனக்கே நிரூபித்துக்கொள்ள வேண்டும்.

அங்கேதான் கன்னியம்மாவைப் பார்த்தேன். குடிசை வாசலில் உட்கார்ந்து கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். வயிறு நிறைந்த பிள்ளைத்தாச்சி. பக்கத்தில் ஒரு சின்னப் பெண் குழந்தை மணலில் விளையாடிக்கொண்டிருந்தது. புது லேபிளை நீட்டி, "இது இன்னாம்மா?" என்றேன்.

பார்த்த மாத்திரத்தில் முகம் மலர்ந்துவிட்டது. "இது தெரியாதா? எங்க வூட்டு மருந்து சார் இது! இன்னா, பளபளன்னு புச்சா கீது?"

சொல்லிவிட்டு இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்தாள். உள்ளேயிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்து விரித்தாள். எங்கள் பழைய லேபிள். பாட்டிலிலிருந்து உரித்தது, ஓரம் கிழிந்திருந்தது. கடற்கரையில் இது வழக்கம். மருந்து தீர்ந்தால் லேபிளை உரித்து வைத்துக்கொள்வார்கள். டவுனுக்குப் போகிற ஆள் யாராவது இருந்தால் கையில் கொடுத்து, இதே படம் பார்த்து வாங்கி வா என்பார்கள். அவள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "பாரு, அதே பொம்பள, அதே பச்சப் பொடவ" என்று எனக்குக் காட்டினாள்.

நான் புல்லரித்துப் போனேன். நாள் முழுக்க வெயிலில் அலைந்து, கடைசியில் இப்படி ஒருத்தி! நம் படத்தைத் தெய்வப் படம் மாதிரி இடுப்பில் வைத்திருக்கிறாளே! அவள் பழைய மருந்தை நினைத்துச் சொல்கிறாள் என்பது என் மண்டையில் ஏறவேயில்லை. "யாருக்கு?" என்றேன். "புள்ளைக்குத்தான்" என்றாள். மூன்றாவது கேள்வியைக் கேட்க வேண்டும். எப்டிக் குடுப்பே, எங்கே போடுவே? பாறைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். வெளிச்சம் மஞ்சளாக மாறிக்கொண்டிருந்தது. பேனாவை மூடிவிட்டேன்.

பத்தடி நடந்த பிறகு பின்னாலிருந்து சத்தமாகச் சொன்னாள்: "பொறக்கப் போறதுக்கும் இதான் சார்!" நான் திரும்பிக் கையை ஆட்டிவிட்டுப் போனேன்.

அன்று நல்ல படம் ஒன்று வரைந்தேன். அது எங்கே போயிற்று என்று இப்போது தெரியவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் தாளை நிரப்பினேன். அவள் பேர், பழைய லேபிளை எடுத்துக் காட்டியது எல்லாம் எழுதினேன். மூன்றாவது கேள்விக்கு எதிரே காலியாக இருந்தது. காலியாக விட்டால் இஸ்மாயில் சார் மறுபடி போகச் சொல்வார். 'நெஞ்சில் தடவுவேன்' என்று எழுதினால் அது என் பேச்சு என்று கண்டுபிடித்துவிடுவார். அதனால் அவள் பேச்சில் எழுதினேன்: 'புள்ள மாருல தேய்ப்பேன் சார்.' என்ன தத்ரூபமாக வந்திருக்கிறது என்று எனக்குள் மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் இஸ்மாயில் சார் தாள்களை ஒவ்வொன்றாகப் படித்தார். அந்த வரிக்கு வந்ததும் நிறுத்தினார். முகத்தில் ஒரு நிம்மதி. சிவப்புப் பென்சிலை எடுத்து அதன் அடியில் கோடு போட்டார். "'மாருல தேய்ப்பேன்'னு சொல்லியிருக்கா. பழைய லேபிளையும் கையில வெச்சிக்கினு, புதுச பாத்து இத சொல்லியிருக்கான்னா, அப்ப சரிதான் தம்பி. நான்தான் வீணா பயந்துட்டேன்" என்றார். கையெழுத்துப் போட்டு அச்சுக்கு அனுப்பினார்.

புது லேபிள்கள் கடைக்குப் போயின. ஏழு பாட்டிலும் ஒரே குடும்பமாக நின்றன. சின்ன முதலாளி எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். நான் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன்.

ஆறேழு மாதம் இருக்கும். மழைக்காலம். மாமல்லபுரத்துக் கடைக்காரரிடமிருந்து டிரங்க் கால் வந்தது. ஒரு குப்பத்துக் குழந்தைக்கு வயிறு உப்பி அழுதிருக்கிறது. தாய், பழைய லேபிளைத் தன் தம்பி கையில் கொடுத்துக் கடைக்கு அனுப்பியிருக்கிறாள். கடைக்காரர் படத்தைப் படத்தோடு ஒத்துப் பார்த்து, அதே பச்சைப் புடவைக்காரி இருக்கிற பாட்டிலைக் கொடுத்திருக்கிறார். கற்பூரத் தைலம். அவள் பாலாடையில் ஊற்றிப் புகட்டியிருக்கிறாள். வாசனை வேறாக இருந்ததாம். லேபிள் புதுசு, மருந்தையும் புதுசாக மாற்றிவிட்டார்கள் என்று நினைத்தாளாம். சிறிது நேரத்தில் குழந்தைக்கு வலிப்பு வந்தது. மீன் வண்டியில் போட்டுக்கொண்டு செங்கல்பட்டுக்கு ஓடி வந்திருக்கிறார்கள். திருக்கழுக்குன்றம் தாண்டும்போதே உயிர் போய்விட்டது.

பெயர் சொல்லுமுன்பே எனக்குத் தெரியும். கன்னியம்மா.

தைல பாட்டிலில் 'வெளி உபயோகத்திற்கு மட்டும்' என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தோம். சட்டப்படி எல்லாம் சரி. படிக்கத் தெரியாதவளுக்குச் சிவப்பாக இருந்தால் என்ன, கறுப்பாக இருந்தால் என்ன?

இஸ்மாயில் சார் பழைய தாள்களை எடுத்துக்கொண்டு வந்து என் மேஜை எதிரே உட்கார்ந்தார். சிவப்புக் கோடு போட்ட தாள் மேலே இருந்தது. வழக்கமான குரலில்தான் கேட்டார்.

"இது அதே பொண்ணுதானே தம்பி?"

"ஆமா சார்."

"இத அவ நெசமா சொன்னாளா?"

இப்போது சொல்லியிருக்கலாம். அந்த ஒரு நிமிஷம் எனக்குக் கொடுக்கப்பட்டது. அவர் என்னைத் திட்டியிருக்க மாட்டார், அடித்திருக்க மாட்டார். அப்போது எனக்குக் கல்யாணமாகி மூன்று மாதம். வேலை போய்விடும், ஜெயில்கூட வரலாம் என்று ஓடியது. வாய் அதுவாகவே திறந்தது.

"சொன்னா சார்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். "அப்ப அவளுக்கு அவசரத்துல மறந்துபோச்சு. புள்ள அழுதா என்னதான் ஞாபகம் வரும்" என்றார். கையெழுத்து தன்னுடையது, பொறுப்பும் தன்னுடையது என்று சின்ன முதலாளியிடம் எழுதிக் கொடுத்தார். அடுத்த மாதம் வேலையை விட்டு நின்றுவிட்டார். யாரும் போகச் சொல்லவில்லை. அவர் நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்கள். ஓய்வு பெறும் வரை அதில்தான் உட்கார்ந்திருந்தேன்.

பிறகு அவர் டவுனில் ஒரு சின்ன அச்சகத்தில் கல்யாணப் பத்திரிகைக்கு மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தெரு வந்தால் நான் சைக்கிளை வேறு வழியில் திருப்பிவிடுவேன். ஒரு நாள் ரயில்வே கேட் மூடியிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றுவிட்டார். குடும்பத்தை விசாரித்தார். கேட் திறக்கிற நேரத்தில் சொன்னார்: "நாலு கேள்வி போதும்னு நெனச்சேன் தம்பி. அதுல என்னமோ விட்டுப்போச்சு. அஞ்சாவதா ஒண்ணு கேட்டிருக்கணும். அது என்னன்னு இன்னிவரைக்கும் யோசிச்சிக்கினுதான் கீறேன்."

அவர் கேள்விகளில் ஒரு குறையும் இல்லை. மூன்றாவதை நான் கேட்கவில்லை, அவ்வளவுதான். அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கேட் திறந்தது, அவர் போய்விட்டார். அவர் இறந்தபோது மையத்துக்குப் போயும் கூட்டத்தின் கடைசியில் நின்றுவிட்டு வந்தேன்.

இவ்வளவையும் எழுதிவிட்டேன். ஆனால் இதைவிட மோசமான ஒன்றை எழுதாமல் தள்ளிக்கொண்டே வருகிறேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

இஸ்மாயில் சார் வேலையை விட்டு நிற்பதற்கு முன்பு நடந்தது. கம்பெனிக்கு ஒரு காகிதம் வேண்டியிருந்தது, படத்தைச் சரியாகப் பார்க்காமல் தானே மாற்றிக் கொடுத்துவிட்டதாகக் கன்னியம்மா கைநாட்டு வைக்க வேண்டும். இஸ்மாயில் சாரை அழைத்தார்கள். "நான் வரமாட்டேன்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். படங்களின் வித்தியாசத்தை விளக்கிச் சொல்ல ஆள் வேண்டும். நான் போனேன். சின்ன முதலாளியின் காரில், முன் சீட்டில்.

அவள் அதே வாசலில் உட்கார்ந்திருந்தாள். கருவாடு இல்லை, கையில் வேலை எதுவும் இல்லை. பெரிய பெண் குழந்தை அவள் முதுகில் சாய்ந்துகொண்டிருந்தது. அவள் நாத்தனார் எங்களைப் பார்த்ததும் பாய்ந்து வந்தாள். "இன்னாத்துக்கு வந்துகீறீங்க? புள்ளைய முழுங்கிட்டு இன்னும் இன்னா பேஜாரு குடுக்க வந்துகீறீங்க?" சின்ன முதலாளி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கார் பக்கமே நின்றுவிட்டார். கன்னியம்மா கையமர்த்தி, "வுடு அண்ணி. இந்த சார் எனுக்குத் தெரிஞ்சவரு" என்றாள்.

நான் அவள் எதிரே மணலில் குந்தினேன். கொண்டுபோன புது லேபிளை ஒரு பலகை மேல் வைத்தேன். பக்கத்தில் அவள் தன் சுருக்குப்பையிலிருந்து அந்தப் பழைய லேபிளை எடுத்து வைத்தாள். குழந்தையைப் புதைத்த பிறகும் அது இடுப்பில்தான் இருந்திருக்கிறது.

"ரெண்டுலயும் அதே பொம்பளதானே சார்?"

"அதே பொம்பளதாம்மா."

"அதே புள்ள?"

"அதே புள்ளதான்."

"அதே பச்சப் பொடவ. பின்ன நான் இன்னா சார் தப்பா பாத்தேன்?"

நான் என் விதியை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தேன். படம் வரைகிறவனுக்குக் கண்ணை ஓர் இடத்துக்கு இழுத்துப்போவது எப்படி என்று தெரியும். விரலை எடுத்துப் பழைய படத்தில் தாயின் தோளில் வைத்து, கையோடு இறங்கி, வயிற்றில் நிறுத்தினேன். பிறகு புதுப் படத்தில் தோளில் வைத்து, கையோடு இறங்கி, நெஞ்சில் நிறுத்தினேன். "இங்க கை வயித்துல இருக்கு, பாரு. குடிக்கிறது. இங்க மாருல இருக்கு. தேய்க்கிறது. கை எங்க இருக்கோ, மருந்து அங்க." பொறுமையாக, இரண்டு தடவை, ஒரு வாத்தியார் மாதிரி. பழைய படத்தை யாரோ வரைந்தபோது அந்த விதியே கிடையாது என்பதையும், அந்த விதி பிறந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை என்பதையும் சொல்லவில்லை.

அவள் குனிந்து பார்த்தாள். தன் விரலை வைத்து, நான் செய்த மாதிரியே தோளிலிருந்து இறங்கிப் பார்த்தாள்.

"ஆமா சார். கையி வேற எடத்துல கீது."

நாத்தனார் ஏதோ கத்தினாள். கன்னியம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "அன்னிக்கி நீ வந்து காட்டினியே, அப்பவும் கையி இங்கதான் இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா."

"அப்ப நான்தான் சரியா பாக்கல" என்றாள்.

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. சின்ன முதலாளி காகிதத்தை நீட்டியதும் கட்டைவிரலைத் தானாகவே கொடுத்தாள். மையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். நான் எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு புறப்பட்டபோது, பலகை மேலிருந்த பழைய லேபிளை எடுத்து, மடிப்பின்படியே மடித்து என்னிடம் நீட்டினாள்.

"இத்த நீயே எடுத்துகினு போ சார். எனுக்குப் படம் பாக்கத் தெரில."

வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.